வாரண்டுக்கு வயதாவதில்லை: லாரி ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓட்டுநர் அண்ணன் தம்பிகளுக்கு,

2024 ஜனவரி தொடக்கத்தில் நாட்டின் பல மாநிலங்களில் லாரிகள் ஓடாமல் நின்றன. விபத்துக்குப் பிறகு காவல்துறைக்குச் சொல்லாமல் போய்விட்டால், இறப்பு நேர்ந்த வழக்கில் பத்து ஆண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து நடந்த போராட்டம் அது. அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஓர் உட்பிரிவை மட்டும் அரசு நிறுத்திவைத்தது. உங்களில் பலருக்கு இந்தக் கதையும் அந்தப் பிரிவின் எண்ணும் மனப்பாடம்.

யாரும் சாலைக்கு வராத, யாரும் முழக்கம் போடாத இன்னொரு பிரிவைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 70(2). இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 72(2). ஒரு நீதிமன்றம் பிறப்பித்த பிடிவாரண்ட், அந்த நீதிமன்றமே அதை ரத்து செய்யும் வரைக்கும், அல்லது அது நிறைவேற்றப்படும் வரைக்கும் செல்லும் என்கிறது அந்தப் பிரிவு. மூன்று வருஷம் என்றோ ஏழு வருஷம் என்றோ அதில் கணக்கு ஏதும் கிடையாது. “பழைய கேஸு, தானா தள்ளுபடி ஆயிருக்கும்” என்று ஷெட்டில் பேசிக்கொள்கிறீர்களே, அப்படித் தானாக ஆவதற்கு அந்தப் பிரிவில் வழி இல்லை.

குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் தொழில் செய்கிறவன் நான். வாரண்டில் பிடித்துக் கொண்டுவரப்படும் ஓட்டுநர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் தப்பி ஓடியவர்கள் அல்லர். கேஸ் முடிந்துவிட்டது என்று மனதார நம்பி, அதே நெடுஞ்சாலையில், அதே பெயரில், அதே லைசென்ஸோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

ஒரு விபத்து. மோதியதில் ஒருவருக்குக் கால் எலும்பு முறிகிறது. முதல் தகவல் அறிக்கை ஓட்டுநர் பெயரில் பதிவாகிறது. கவனக்குறைவாக வண்டி ஓட்டியது, அதனால் காயம் ஏற்படுத்தியது என்ற இந்தக் குற்றங்கள் எல்லாம் பிணையில் விடக்கூடியவை. ஆகவே காவல் நிலையத்திலேயே ஜாமீன் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். லாரி மட்டும் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பிரேக்கையும் மற்றதையும் பார்த்துச் சான்று கொடுத்ததும், ஓனர் ஆர்.சி. புத்தகத்தோடும் ஒரு வக்கீலோடும் நீதிமன்றத்தில் மனுப் போட்டு வண்டியை எடுத்துவிடுகிறார். அடுத்த வாரமே லோடு ஏறுகிறது. காயம்பட்டவர் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகிறார். அங்கே வழக்கை நடத்துவது இன்சூரன்ஸ் கம்பெனி. இரண்டு மூன்று வருஷத்தில் ஒரு தொகைக்கு அது தீர்ந்துவிடுகிறது. ஓனர் உங்களைக் கூப்பிட்டு, “கேஸ் முடிஞ்சிருச்சுப்பா, நீ நிம்மதியா வண்டி ஓட்டு” என்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. முடிந்தது அவருடைய கேஸ். வண்டி வெளியே வந்துவிட்டது, இழப்பீடு கொடுத்தாகிவிட்டது. காவல்துறை தொடுத்த குற்ற வழக்கு மட்டும் வேறொரு கட்டடத்தில், வேறொரு எண்ணில், உங்கள் ஒருவர் பெயரில் இருக்கிறது. இழப்பீட்டு வழக்கு முடிந்ததால் அது முடியாது. ஓனர் மாறினாலும், வண்டி விற்றுப்போனாலும், இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கட்டினாலும் முடியாது. நீங்கள் வந்து நின்று, விடுதலை என்றோ தண்டனை என்றோ ஒரு தீர்ப்பு வாங்கினால்தான் முடியும்.

இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது என்று நினைக்கிறேன். ஓட்டுநர்கள் மீதான பழைய வாரண்டுகளில் என் கைக்கு வருபவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு குழப்பத்தில் முளைத்தவைதான்.

குற்றப்பத்திரிகை தாக்கலானதும் நீதிமன்றம் சம்மன் அனுப்பும். விபத்து நடந்த அன்று நீங்கள் சொன்ன முகவரிக்கு அது போகும். நீங்கள் வாடகை வீடு மாறியிருப்பீர்கள், அல்லது மகாராஷ்டிரா பக்கம் டிரிப்பில் இருப்பீர்கள். முன்பு வீட்டில் இருக்கும் வயதுவந்த ஆண் ஒருவரிடம்தான் சம்மனைக் கொடுத்துவிட்டுப் போக முடிந்தது. 2024 ஜூலைக்குப் பிறகு, வயதுவந்த குடும்ப உறுப்பினர் யாரிடமும் கொடுக்கலாம் என்று சட்டம் மாறிவிட்டது. மின்னணு வழியாகவும் சம்மன் அனுப்பலாம். அதாவது உங்கள் அம்மாவோ மனைவியோ கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தாலே உங்களுக்குச் சேர்ந்ததாகத்தான் கணக்கு. கோர்ட்டுக் காகிதம் எது வந்தாலும் அன்றைக்கே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள். காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, நீங்கள் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று மறந்துபோகிற காகிதம் அது.

வாய்தா அன்று டவாலி உங்கள் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். ஆள் இல்லை. முதலில் சம்மன், அதற்கும் வராவிட்டால் பிணையில் விடக்கூடிய வாரண்ட், அதற்கும் வராவிட்டால்தான் பிணையில் விட முடியாத வாரண்ட் என்று படிப்படியாகப் போக வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2007ஆம் ஆண்டு இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் சொன்னது. 2022ஆம் ஆண்டு சதேந்தர் குமார் அன்டில் வழக்கிலும் அதையே வலியுறுத்தியது. ஆனாலும் இந்தப் படிகள் சில வழக்குகளில் வேகமாகவே ஏறப்பட்டுவிடுகின்றன. ஒருமுறை வந்து ஜாமீன் எழுதிக்கொடுத்துவிட்டுப் பிறகு வராமல் போனவர் என்றால் இன்னும் வேகம்.

அதற்குப் பிறகு வருவதுதான் ஆளை ஏமாற்றும் காலம். ஒன்றுமே நடக்காது. வருஷக்கணக்கில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். ஆளைப் பிடிக்க முடியாத வழக்குகளை நீண்டகால நிலுவைப் பதிவேட்டுக்கு மாற்றிவிடும் வழக்கம் நம் நீதிமன்றங்களில் உண்டு. அப்படி மாற்றியதை யாரோ அரைகுறையாகக் கேட்டு வந்து “கேஸை மூடிட்டாங்க” என்று சொல்லிவிடுகிறார்கள். மூடவில்லை. அலமாரி மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் அது எழுந்து வரும். வளைகுடாவுக்கு டிரைவர் வேலைக்குப் போகலாம் என்று பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது வரலாம். 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டத்தில், குற்ற வழக்கு நிலுவையில் இருப்பதும் வாரண்ட் நிலுவையில் இருப்பதும் பாஸ்போர்ட் மறுப்பதற்கான தனித்தனிக் காரணங்கள். பள்ளிப் பேருந்து ஓட்டக் காவல்துறைச் சான்று கேட்கும்போது வரலாம். வேறொரு சின்ன விஷயத்துக்காக ஸ்டேஷனுக்குப் போய் ரைட்டர் பெயரைத் தட்டிப் பார்க்கும்போது வரலாம். தேர்தல் நெருங்கும்போது வருவது இன்னும் உறுதி. நிலுவையில் கிடக்கும் பிடிவாரண்டுகளை நிறைவேற்றும்படி தேர்தல் ஆணையம் காவல்துறையை முடுக்கும் காலம் அது. பத்து வருஷமாகத் தேடாதவர்கள் அந்த மாதம் தேடுவார்கள்.

வழக்கின் அளவையும் அதற்குப் பிறகு வந்து சேர்வதன் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 337 பிரிவுகளில் ஒரு சிறு காய வழக்கு என்று வைத்துக்கொள்வோம். சிறை விதிக்க இடம் உண்டுதான், ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம் வரை. அபராதத்தோடு நீதிமன்றம் விட்டுவிட்டால், முதல் பிரிவுக்கு உச்சம் 1,000 ரூபாய், இரண்டாவதற்கு 500. ஆக, 1,500 ரூபாயில் தீர்ந்திருக்கக்கூடிய வழக்கு. ஜாமீனில் இருந்துகொண்டு காரணமில்லாமல் வராமல் போனால் அதுவே தனிக் குற்றம், ஓராண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் 229ஏ, புதியதில் 269. தலைமறைவாக இருப்பதாக நீதிமன்றம் நினைத்தால், குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு ஒட்டும். அதற்கும் வராதவருக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம், சொத்தை ஜப்தி செய்யலாம். உங்களுக்கு ஜாமீன் நின்ற மச்சானோ பெரியப்பாவோ ஜாமீன் தொகையைக் கட்டும்படி ஆகலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பிணையில் விடக்கூடிய குற்றத்தில் ஜாமீன் என்பது உங்கள் உரிமை. நீதிமன்றம் மறுக்க முடியாது. ஆனால் எழுதிக்கொடுத்த ஜாமீன் பத்திரத்தை மீறி ஒருமுறை வராமல் போய்விட்டால், அதே வழக்கில் மறுபடி வரும்போது ஜாமீனை மறுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் வந்துவிடுகிறது. கையில் இருந்த உரிமை, வராமல் இருந்த ஒரே காரணத்தால், கெஞ்சிக் கேட்க வேண்டிய சலுகையாகிவிடுகிறது.

அபராதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் வேறொரு குழப்பம் இருக்கிறது.

செல்போனுக்கு வரும் இ-சலான் வேறு, நீதிமன்றம் தீர்ப்பாக விதித்த அபராதம் வேறு. சலான் என்பது குற்றச்சாட்டு. கட்டினால் அதோடு முடியும். கட்டாவிட்டால் அது நீதிமன்றத்துக்குப் போகும், அங்கிருந்து சம்மன், பிறகு மேலே சொன்ன அதே பாதை. கட்டாத சலான் இருந்த மறுநாளே வாரண்ட் வந்துவிடாது. அப்படிச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். அதே சமயம் அது வண்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எஃப்.சி.க்கோ பெயர் மாற்றத்துக்கோ போகும் நாளில் முன்னால் வந்து நிற்கும். பழைய லாரி வாங்கி ஓனர் கம் டிரைவராக ஆக நினைப்பவர்கள், விலை பேசும் முன் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நிலுவை சலான்களைப் பார்த்துவிடுங்கள். கேமரா எடுத்த சலான் என்றால், குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 167ஏ சொல்கிறது. உங்கள் வண்டியே அல்லாத ஒன்றின் படம் வந்தால் மறுத்து எழுதலாம். மறுக்காமல் விட்டுவைப்பதுதான் தவறு.

தொகையும் இப்போது பழைய தொகை இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் அதிக பாரத்துக்கான அபராதம் 2,000 ரூபாயிலிருந்து 20,000 ஆனது, கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 தனி. குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட ஸ்பாட் ஃபைன் தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. குடித்து ஓட்டிய வழக்கை சாலையிலேயே ஃபைன் கட்டித் தீர்க்க முடியாது, நீதிமன்றத்துக்குத்தான் போயாக வேண்டும். போகாமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

நீதிமன்றம் விதித்த அபராதத்தைக் கட்டாவிட்டால் என்ன ஆகும்? தீர்ப்பிலேயே “கட்டத் தவறினால் இத்தனை நாள் சிறை” என்று எழுதியிருக்கும். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களுக்கு அந்தச் சிறைக் காலத்தின் உச்சவரம்பை 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் வகுத்திருந்தது: 50 ரூபாய் வரை இரண்டு மாதம், 100 ரூபாய் வரை நான்கு மாதம், அதற்கு மேல் ஆறு மாதம். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த ஐம்பதும் நூறும் அப்படியே இருந்தன. ரூபாயின் மதிப்பு எங்கோ போய்விட்டது, கட்ட முடியாதவனின் சிறை நாள் மட்டும் அதே கணக்கில் நின்றது. புதிய சட்டத்தில் 5,000 ரூபாய் வரை இரண்டு மாதம், 10,000 வரை நான்கு மாதம், அதற்கு மேல் ஓராண்டு வரை என்று மாற்றியிருக்கிறார்கள். கீழ்த்தட்டில் இது நியாயமான திருத்தம். மேல்தட்டில் ஆறு மாதம் ஓராண்டு ஆனதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே 20,000 ரூபாயை ஓனர் ஒரு டிரிப் லாபத்தில் கட்டிவிடுவார். பேட்டாவை நம்பி வாழும் ஓட்டுநருக்கு அது பல மாத வீட்டுச் செலவு. ஒரே குற்றம், ஒரே தொகை, உள்ளே போவது ஒருவர் மட்டும். கட்ட மறுத்தவனையும் கட்ட வழியில்லாதவனையும் ஒரே கதவு வழியாக அனுப்பும் இந்த ஏற்பாடு அநியாயம். சட்டம் படித்தவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன்.

அந்த அநியாயத்துக்குள்ளும் சில வழிகளைச் சட்டம் திறந்துதான் வைத்திருக்கிறது. கேட்பவர் குறைவு. அபராதத்தை உடனே கட்ட முடியாவிட்டால் 30 நாள் அவகாசம் கேட்கலாம். இரண்டு அல்லது மூன்று தவணையாகக் கட்ட அனுமதி கேட்கலாம். பழைய நடைமுறைச் சட்டத்தில் 424, புதியதில் 464. தீர்ப்பு சொல்லும் அந்த நேரத்திலேயே கையெடுத்துக் கேட்டுவிடுங்கள். சிறைக்குள் போய்விட்டாலும், மீதித் தொகையைக் கட்டினால் அதற்கேற்ப மீதி நாள் குறையும். 2023இல் மத்திய அரசு தொடங்கிய ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தில், அபராதம் கட்ட முடியாமல் உள்ளே இருக்கும் தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும், ஜாமீன் தொகை இல்லாமல் இருக்கும் விசாரணைக் கைதிக்கு அந்தத் தொகையும் கொடுக்க இடம் இருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு இது தெரியாது. வெளியே இருக்கும் நீங்கள்தான் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேட்க வேண்டும்.

காலக்கெடு பற்றிய பேச்சுக்கு ஒரு விளக்கம். அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்தை ஆறு மாதத்துக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது உண்மை. விதித்த அபராதத்தை வசூலிக்கப் பொதுவாக ஆறு ஆண்டு வரம்பு உண்டு என்பதும் உண்மை. ஷெட்டில் சொல்லப்படும் கதைகள் இந்த இரண்டிலிருந்து கிளம்பியவையாக இருக்கலாம். ஆனால் எடுத்துக்கொண்ட வழக்கில் பிறந்த வாரண்டை இந்த இரண்டும் தொடாது.

சரி, வாரண்ட் இருக்கிறது, அல்லது இருக்குமோ என்று சந்தேகம். என்ன செய்வது?

பிடிபடும் முன் நீங்களாகப் போங்கள். இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். தானாக வந்து நின்றவரையும் போலீஸ் கொண்டுவந்து நிறுத்தியவரையும் நடுவர் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. சிறு வழக்கில் தானாக வந்து, வராமல் போனதற்கு உண்மையான காரணத்தைச் சொல்லி, வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் மனுவைப் போட்டால், பெரும்பாலும் அன்றைக்கே ரத்தாகிறது. கோர்ட்டில் அதை இன்னமும் “செவன்ட்டி டூ பெட்டிஷன்” என்றுதான் சொல்வார்கள், 70(2)இன் பழக்கம். புதிதாக ஜாமீன்தாரர் கேட்கலாம், சிறு தொகை கட்டச் சொல்லலாம். உள்ளே அனுப்பவே மாட்டார்கள் என்று எந்த வக்கீலும் உத்தரவாதம் தர முடியாது, நானும் தர மாட்டேன். ஆனால் இரவு டோல்கேட்டில் பிடித்து, லோடோடு வண்டியை அனாதையாக நிறுத்திவிட்டு, ஊர் பெயர் தெரியாத ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

வாரண்ட் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. இ-கோர்ட்ஸ் தளத்திலும் அதன் செயலியிலும் காவல் நிலையம், முதல் தகவல் அறிக்கை எண், ஆண்டு மூன்றையும் கொடுத்தால் வழக்கு எந்த நிலையில் நிற்கிறது என்று காட்டும். கட்டணம் கிடையாது. எண் தெரியாவிட்டால் பெயரைப் போட்டும் தேடலாம். சித்ரதுர்கா, நெல்லூர், சோலாப்பூர் என்று வெளிமாநிலத்தில் விபத்து நடந்திருந்தாலும் இதே வழிதான்.

வெளிமாநில வழக்கு என்றாலே பலர் மலைத்துப்போகிறார்கள். அங்கே நமக்கு யார் ஜாமீன் நிற்பார்கள் என்பதுதான் முதல் கேள்வி. 1978இல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. மத்தியப் பிரதேச நடுவர் ஒருவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். ஜாமீன் நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அதையும் மறுத்தார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அது கூடாது என்று தீர்ப்பளித்தார். 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பத்திரத்திலேயே அவரை விடச் சொன்னார். உங்கள் ஊர் ஆளை வெளியூர் நீதிமன்றம் மறுத்தால், வக்கீலிடம் இந்த வழக்கின் பெயரைச் சொல்லுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்பதும் தடையாக இருக்க வேண்டியதில்லை. பட்டியல் சாதி, பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. உங்களில் பெரும்பாலோர் அதற்குள் வருவீர்கள் என்றே நினைக்கிறேன். 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் எந்த மாவட்டத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார்கள். தாலுகா அளவிலும் இந்தக் குழு இருக்கிறது.

“ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிரு” என்று கோர்ட்டு வராந்தாவில் யாராவது சொல்வார்கள். சீட் பெல்ட் வழக்கு என்றால் அது நல்ல யோசனைதான். ஆள் இறந்துபோன வழக்கிலோ, பெரிய காய வழக்கிலோ வக்கீலைக் கேட்காமல் அப்படி ஒத்துக்கொள்ளாதீர்கள். அபராதத்தோடு முடியும் என்று யாரும் எழுதித் தர முடியாது. குற்றவாளி என்ற பதிவும் நிற்கும். சாட்சிகள் வராமல், வண்டியில் கோளாறு என்று தெரியவந்து, தவறு எதிரே வந்தவர் மேல் என்று நிரூபணமாகி விடுதலை ஆகிற விபத்து வழக்குகள் நிறைய இருக்கின்றன. காயம்பட்டவர் சம்மதித்தால், காய வழக்கின் பிரிவை நீதிமன்ற அனுமதியோடு சமரசமாக முடிக்கவும் வழி உண்டு.

வாரண்ட் ரத்தான அன்று, அந்த உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்காமல் கோர்ட்டை விட்டு வெளியே வராதீர்கள். மும்பையில் 2002ஆம் ஆண்டு ஒரு வழக்கறிஞருக்கு எதிரான வாரண்ட் நீதிமன்றத்தில் ரத்தாகிவிட்டது. இருந்தும் சில நாளில், ஆகஸ்ட் 15 அன்று, அதே வாரண்டில் போலீஸ் அவரைக் கைது செய்தது. ரத்தான உத்தரவின் நகல் அப்போது அவரிடம் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011இல் வந்த தீர்ப்பில், வாரண்டுகளை எப்படிப் பதிவு செய்ய வேண்டும், ரத்தானதும் அதை எப்படித் திரும்பப் பெற வேண்டும் என்றெல்லாம் எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் வழிமுறை சொல்லப்பட்டது. சட்டம் தெரிந்தவருக்கே அந்த நிலை. நகலில் ஒன்று வண்டியில் இருக்கட்டும், ஒன்று வீட்டில், ஒன்று செல்போனில் படமாக. சம்பந்தப்பட்ட ஸ்டேஷனிலும் ஒன்றைக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

அதற்கு முன்பே பிடித்துவிட்டால், வாரண்டைக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்தியாக வேண்டும். வீட்டுக்குச் சொல்ல வேண்டும். வெளி மாவட்டத்தில் பிடித்து, வழக்கும் பிணையில் விடக்கூடிய குற்றம் என்றால், அங்கேயே ஜாமீன் கேட்க இடம் இருக்கிறது. போலீஸ்காரரிடம் சண்டை போட வேண்டாம், இவற்றை நிதானமாகக் கேளுங்கள். “உங்கள் பெயரில் வாரண்ட் இருக்கிறது, இந்த எண்ணுக்குப் பணம் போட்டால் ரத்தாகிவிடும்” என்று போனில் யார் சொன்னாலும் அது மோசடி. சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் செயலியைத் திறக்காதீர்கள். பணத்தைப் போனில் வாங்கிக்கொண்டு வாரண்டை ரத்து செய்யும் நீதிமன்றம் இந்த நாட்டில் இல்லை.

உங்கள் சங்கங்களிடம் ஒரு கோரிக்கையைக் கொண்டுபோங்கள். விபத்து நடந்ததும் வண்டியை எடுக்க வக்கீல் வைக்கும் ஓனர், ஓட்டுநரின் குற்ற வழக்கு முடியும் வரைக்கும் அந்தச் செலவையும் வாய்தாவுக்கான விடுப்பையும் ஏற்க வேண்டும், அதை எழுத்தில் தர வேண்டும் என்று கேளுங்கள். வேலையை விட்டுப் போன ஓட்டுநருக்கும் இது பொருந்த வேண்டும். ஏனென்றால் வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் பெரும்பாலான ஓட்டுநர்கள் வேறு ஓனரிடம் போயிருப்பார்கள். ஆண்டுக்கு நான்கு முறை தேசிய மக்கள் நீதிமன்றம் நடக்கிறது. அதற்கு ஒரு மாதம் முன்பே சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கமுள்ள பட்டறைகளில் ஒரு மேசை போட்டு, சட்டப் பணிகள் குழுவின் தன்னார்வலர் ஒருவரை உட்கார வைத்து, வருகிற ஓட்டுநர் ஒவ்வொருவரின் பெயரையும் தேடிக் கொடுக்கச் சொல்லுங்கள். 106(2)க்காக வண்டியை நிறுத்தத் தெரிந்த உங்களுக்கு இது பெரிய காரியம் அல்ல.

நீங்கள் போகிற நாளைப் பற்றிக் கடைசியாகச் சில வார்த்தைகள். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள். ஜாமீன்தாரர் கையெழுத்து அன்று முடியாமல் போனால் சனியும் ஞாயிறும் உள்ளே கழியும். செவ்வாய், புதன் நல்லது. காலை பத்து மணிக்குள் நீதிமன்ற வளாகத்தில் இருங்கள். ஆதார், லைசென்ஸ், இரண்டு மூன்று புகைப்படம், பழைய ஜாமீன் காகிதம் இருந்தால் அது, உடம்பு சரியில்லாமல் இருந்ததற்கு மருத்துவச் சீட்டு இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். ஜாமீன்தாரர் இருவரைக் கூடவே அழைத்துப் போங்கள். அவர்களிடம் ஆதாரோடு வீட்டு வரி ரசீதும் கேட்பார்கள். முதல் நாளே வக்கீலிடம் முதல் தகவல் அறிக்கை எண்ணைக் கொடுத்து, கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடி எடுக்கச் சொல்லிவிடுங்கள். பழைய வழக்கில் அதற்கே அரை நாள் ஆகும்.

அன்புடன்,
உங்களுக்காக நடுவர் நீதிமன்றத்தில் நிற்கும் ஒரு வழக்கறிஞர்